சூடான வண்டி, நீண்ட செல்ஃப், பெட்ரோல் வாடை: ரெகுலேட்டரா, வேறு ஏதாவதா?

பொங்கோல் பழசு | செவ்வாய், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். என்னுடையது 2003-ல் பதிவான 1.6 லிட்டர் ஜப்பானிய செடான். சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்கத் தேவையான சிஓஇ சான்றிதழை இரண்டாம் முறையும் பத்தாண்டுக்குப் புதுப்பித்துவிட்டேன். ஆகவே "ஸ்கிராப் பண்ணிடுங்க" என்ற பதில் மட்டும் வேண்டாம், அதை வீட்டிலேயே தினமும் கேட்கிறேன்.

காலையில் சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகிவிடும். மத்தியானம் தேக்காவில் சாப்பிட்டுவிட்டு இருபது நிமிடம் கழித்து வந்தால் ஆறேழு விநாடி செல்ஃப் அடிக்க வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் ஒரு நிமிடம் தடுமாறும், பின்னால் பெட்ரோல் வாடை வரும். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது பத்தைத் தொடுவதில்லை. ஆனால் தீவு விரைவுச்சாலையில் ஏறிவிட்டால் ஒரு குறையும் சொல்ல முடியாது, பட்டுப்போல ஓடுகிறது.

ஒரு பட்டறையில் காட்டினேன். பானெட்டைத் திறந்து பார்த்தார்கள், மூடினார்கள். "நாலு இன்ஜெக்டர், பம்ப், பிரஷர் ரெகுலேட்டர், எல்லாம் மாத்திடலாம், 1,400 வெள்ளி." எது கெட்டது என்று கேட்டேன். "எல்லாமே பழசு" என்றார்கள். நானும்தான் பழசு.

அடுத்த மாதம் வருடாந்தரப் பரிசோதனை இருக்கிறது. அதற்குள் எதையாவது செய்ய வேண்டும். அந்த ரெகுலேட்டர் என்பது உண்மையில் என்ன செய்கிறது?

ஜோகூர் சனிக்கிழமை | செவ்வாய், இரவு 9.58

ரெகுலேட்டர்தான். எனக்கும் இதே கதை நடந்தது. எண்பது வெள்ளிக்குப் புதுசு வாங்கி மாட்டினேன், சரியாகிவிட்டது. பெட்ரோல் அழுத்தத்தை எப்போதும் ஒரே அளவில் வைத்திருப்பதுதான் அதன் வேலை. கெட்டுப்போனால் அழுத்தம் ஏறும், பெட்ரோல் அதிகம் கொட்டும். அவ்வளவுதான்.

பழைய ஸ்பேனர் | செவ்வாய், இரவு 10.31

தம்பி, வாங்குவதற்கு முன் காசு செலவில்லாத ஒரு சோதனை செய்துவிடுங்கள்.

உங்கள் வண்டி வயதுக்கு அது ரிட்டர்ன் குழாய் உள்ள அமைப்பாகத்தான் இருக்கும். டேங்குக்குள் இருக்கும் பம்ப் பெட்ரோலைத் தள்ளுகிறது. ஃபில்டர் வழியாக அது இன்ஜின் மேல் வருகிறது. பெட்ரோலைப் பீய்ச்சும் நாலு இன்ஜெக்டரும் வரிசையாகச் செருகியிருக்கும் குழாயை ரெயில் என்போம். அந்த ரெயிலின் ஒரு முனையில் பெரிய பித்தான் அளவில் ஒரு தகர உருண்டை உட்கார்ந்திருக்கும். அதுதான் ரெகுலேட்டர். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு, டயஃப்ரம். சவ்வின் ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் ஸ்பிரிங். பெட்ரோல் ஸ்பிரிங்கை வென்றால் சவ்வு பின்வாங்கி வழி திறக்கும், மிச்சப் பெட்ரோல் ரிட்டர்ன் குழாய் வழியாக டேங்குக்கே திரும்பிவிடும். பம்ப் எப்போதும் தேவைக்கு மேல்தான் தள்ளும். எவ்வளவு திருப்பி அனுப்புவது என்று முடிவு செய்வது இந்த உருண்டை.

ஸ்பிரிங் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் இன்டேக் மேனிஃபோல்டுக்கு, அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த்தொகுதிக்கு, போகும். இன்ஜின் ஐடிலில், அதாவது மிதிக்காமல் சும்மா ஓடிக்கொண்டு, இருக்கும்போது அந்த மெல்லிய குழாயை மட்டும் கழற்றி முகர்ந்து பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரமோ வாடையோ இருந்தால் சவ்வு கிழிந்துவிட்டது, பெட்ரோல் நேராக மேனிஃபோல்டுக்குள் போகிறது என்று அர்த்தம். அப்படியானால் ஜோகூர்க்காரர் சொன்னதுதான் சரி. காய்ந்திருந்தால் பேச்சைத் தொடரலாம்.

பெட்ரோல் போகும் பெரிய குழாய்களில் கை வைக்காதீர்கள், அவை அழுத்தத்தில் இருக்கும். கையில் சிகரெட் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன். நாற்பது வருடத்தில் ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

பொங்கோல் பழசு | புதன், காலை 7.15

பார்த்தேன் ஐயா. எலும்பு போலக் காய்ந்து கிடக்கிறது. வாடையும் இல்லை. இன்னொன்று கவனித்தேன், அந்தக் குழாயைக் கழற்றியபோது இன்ஜின் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

மீட்டர் பெட்டி | புதன், காலை 8.02

அந்தக் கடைசி வரியை மறந்துவிடாதீர்கள், அதற்கு வருகிறேன். அதற்கு முன் ஜோகூர் சனிக்கிழமை சொன்ன ஒன்றைத் திருத்த வேண்டும். நான் ஜூரோங் தீவில் அழுத்தக் கருவிகளோடு பிழைப்பு நடத்துகிறவள், இதைக் கடந்து போக மனம் வரவில்லை.

ரிட்டர்ன் குழாய் உள்ள வண்டியில் ரெகுலேட்டர் அழுத்தத்தை ஒரே அளவில் வைப்பதில்லை. இன்ஜெக்டரின் இரண்டு முனைகளுக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தை ஒரே அளவில் வைக்கிறது. இந்த ஒன்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

இன்ஜெக்டரின் மேல் முனை ரெயிலில், கீழ் முனை மேனிஃபோல்டில். ஐடிலில் த்ராட்டில், அதாவது காற்று வழியைத் திறந்து மூடும் தகடு, கிட்டத்தட்ட மூடியிருப்பதால் பிஸ்டன்கள் காற்றுக்காக உறிஞ்சி உறிஞ்சி, மேனிஃபோல்டு அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சுமார் 0.65 பார் குறைந்துவிடும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்). அதாவது கீழிருந்து யாரோ பெட்ரோலை இழுக்கிற மாதிரி. முழு த்ராட்டிலில் அந்த இழுப்பு கிட்டத்தட்ட இல்லை. ரெயிலில் எப்போதும் வெளிக்காற்றுக்கு மேல் 3 பார் வைத்தால், ஐடிலில் இன்ஜெக்டருக்குக் கிடைப்பது 3.65 பார் தள்ளல், முழு வேகத்தில் 3 பார். இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் ஒன்றாக இருந்தாலும் பெட்ரோல் அளவு மாறிவிடும். வண்டியின் கம்ப்யூட்டரோ திறக்கும் நேரத்தை வைத்துத்தான் பெட்ரோலை அளக்கிறது.

அதனால்தான் அந்த மெல்லிய குழாய். மேனிஃபோல்டு 0.65 இழுத்தால், சவ்வின் பின்பக்கமும் அதே அளவு இழுக்கப்படும், ஸ்பிரிங்குக்கு அந்த அளவு பலம் குறையும், ரெயில் அழுத்தம் 2.35-க்கு இறங்கும். வித்தியாசம் பழையபடி 3.

வீட்டு உதாரணம் வேண்டுமானால் பிரஷர் குக்கர். வெயிட் எப்போது தூக்கும்? உள்ளே இருக்கும் ஆவி, வெளிக்காற்றைவிட ஒரு குறிப்பிட்ட அளவு மேலே போனால். அதே குக்கரைக் கேமரன் மலைக்குக் கொண்டுபோனால் வெளிக்காற்று மெலிந்திருக்கும், உள்ளே இருக்கும் மொத்த அழுத்தமும் அதே அளவு குறைந்துதான் வெயிட் தூக்கும். பருப்பு வேக நேரமாகும். வெயிட் கெட்டுப்போகவில்லை, அது வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. ரெகுலேட்டருக்கு இன்டேக் மேனிஃபோல்டுதான் கேமரன் மலை.

தெம்பனிஸ் டர்போ | புதன், பகல் 12.20

அக்கா, இது தெரியாமலே ரெண்டு வருஷம் வண்டி ஓட்டிவிட்டேன் லா. ஒரு சந்தேகம். அழுத்தம் கூடினால் பெட்ரோல் கூடும், பெட்ரோல் கூடினால் பவர் கூடும். அப்படியானால் திருகி மாற்றக்கூடிய ரெகுலேட்டர் ஒன்று மாட்டி 3 பாரை 4 ஆக்கினால்? ஆன்லைனில் அறுபது வெள்ளிக்குக் கிடைக்கிறது. என்னுடையது 2019, 1.4 டர்போ.

மீட்டர் பெட்டி | புதன், பகல் 12.48

அறுபது வெள்ளிக்கு மூன்று நாள் நல்ல பிரியாணி சாப்பிடுங்கள் தம்பி.

முதலில் கணக்கு. இன்ஜெக்டர் வழியாகப் போகும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 3-லிருந்து 4 பார் என்றால் அழுத்தம் 33 விழுக்காடு கூடுகிறது, பெட்ரோல் 15 விழுக்காடுதான் கூடும். அந்தப் பதினைந்தையும் சாதாரண ஓட்டத்தில், புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சார் பார்த்துவிடும், கம்ப்யூட்டர் இன்ஜெக்டர் நேரத்தைக் குறைத்துவிடும். முழு த்ராட்டிலில் பல வண்டிகள் சென்சாரைக் கேட்பதில்லை. அங்கே கூடுதல் பெட்ரோல் அப்படியே உள்ளே போகும். ஆனால் அதை எரிக்கக் கூடுதல் காற்று வேண்டாமா? காற்று அதே அளவுதானே. தேவைக்கு மேல் பெட்ரோல் ஊற்றினால் பவர் கூடாது, ஒரு கட்டத்துக்குப் பிறகு குறையும். இன்னொரு பக்கம், அழுத்தம் கூடக்கூட பம்ப் தள்ளக்கூடிய அளவும் குறையும்.

இதற்கெல்லாம் மேலே, உங்கள் வண்டி பெரும்பாலும் நேரடி இன்ஜெக்ஷன். அதில் இந்தத் தகர உருண்டையே கிடையாது.

தெம்பனிஸ் டர்போ | புதன், பகல் 12.51

கிடையாதா? அப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

மீட்டர் பெட்டி | புதன், இரவு 8.35

வேலை முடிந்து உட்கார்ந்து எழுதுகிறேன். மூன்று தலைமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொங்கோல்க்காரருடையது ரிட்டர்ன் குழாய் உள்ளது. அதில் ஒரு குறை, மிச்சப் பெட்ரோல் சூடான இன்ஜினைச் சுற்றிவிட்டு டேங்குக்குத் திரும்புகிறது. ஒரு மணி நேரம் ஓடினால் டேங்கில் இருக்கும் பெட்ரோலும் வெதுவெதுப்பாகி, ஆவி கிளம்பும். 1990-களில் அமெரிக்காவில் பெட்ரோல் ஆவிக்கான விதிகள் இறுகியபோது ரிட்டர்ன் குழாயையே எடுத்துவிட்டார்கள்.

அதுதான் அடுத்த தலைமுறை. ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே, பம்புக்குப் பக்கத்தில் போய்விட்டது. மிச்சத்தை அங்கேயே கொட்டிவிடும். ஆனால் அங்கிருந்து மேனிஃபோல்டுக்குக் குழாய் இல்லை. அதனால் இது உண்மையிலேயே நிலையான அழுத்தம், சுமார் 3.2 முதல் 4 பார் வரை வைப்பார்கள். ஆக ஜோகூர் சனிக்கிழமை சொன்னது இந்த வகைக்குச் சரி, அவர் வண்டி இப்படிப்பட்டதாக இருக்கலாம். வித்தியாசம் மாறுமே என்றால், அந்தக் கணக்கைக் கம்ப்யூட்டர் போட்டுக்கொள்கிறது. ரெயிலில் 3.5 என்றால் ஐடிலில் இன்ஜெக்டருக்கு 4.15, முழு வேகத்தில் 3.5. வர்க்கமூலம் போட்டால் ஐடிலில் ஏறக்குறைய 9 விழுக்காடு அதிகம் வரும். அந்த ஒன்பதைக் கழித்துத் திறக்கும் நேரத்தைச் சுருக்கிவிடும். சவ்வும் ஸ்பிரிங்கும் செய்த வேலையை மென்பொருள் செய்கிறது. சில வண்டிகளில் இன்னும் ஒரு படி மேலே போய், ரெயிலில் அழுத்த சென்சார் வைத்து, பம்பின் வேகத்தையே கூட்டிக் குறைக்கிறார்கள்.

உங்களுடையது மூன்றாவது. டேங்கு பம்ப் 4 முதல் 6 பார் வரை கொடுத்து அனுப்பும். இன்ஜின்மேல் கேம்ஷாஃப்டால் ஓட்டப்படும் இன்னொரு பம்ப் அதைப் பிடித்து 50, 100, 200 பாருக்கு ஏற்றும், புதியவற்றில் 350 வரை. சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பீய்ச்ச வேண்டுமே, அங்கே அழுத்தம் அதிகம், நேரமும் குறைவு. இதைக் கட்டுப்படுத்துவது அந்தப் பம்பில் இருக்கும் மின்சார வால்வு. பிஸ்டன் ஒவ்வொரு முறை தள்ளும்போதும் எந்த நொடியில் வால்வை மூடுவது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்யும். சீக்கிரம் மூடினால் நிறையப் பெட்ரோல் ரெயிலுக்குப் போகும், தாமதமாக மூடினால் பாதி வந்த வழியே திரும்பிவிடும். ஏறிய அழுத்தத்தை வழியவிட்டுக் குறைப்பதைவிடத் தேவையான அளவை மட்டும் ஏற்றுவது புத்திசாலித்தனம்.

200 பார் என்றால் மாடிமேல் தண்ணீர்த் தொட்டி 2 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிற மாதிரி. அந்தக் குழாயில் ஸ்பேனர் வைக்கும் ஆசை வந்தால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஸ்பேனர் | புதன், இரவு 9.10

அம்மா நன்றாகச் சொன்னார். ஒரு பழைய கதையைச் சேர்க்கிறேன். 1967-ல் வோக்ஸ்வாகன் 1600-ல் வந்த போஷ் டி-ஜெட்ரானிக்தான் பெரிய அளவில் விற்ற முதல் மின்னணு இன்ஜெக்ஷன். அந்த 'டி' ஜெர்மனில் அழுத்தம் என்ற சொல்லின் முதல் எழுத்து. பெட்ரோல் அழுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள், மேனிஃபோல்டு அழுத்தம். அதை அளந்துதான் பெட்ரோலைத் தீர்மானிக்கும். அதன் ரெகுலேட்டருக்கு மேனிஃபோல்டுக் குழாய் கிடையாது, சுமார் 2 பாரில் திருகி வைத்துவிட வேண்டியதுதான். ஆக நிலையான அழுத்தம் வைத்துவிட்டு மற்றதைக் கம்ப்யூட்டரிடம் விடுவது புதுசு ஒன்றுமில்லை. அந்தக் காலத்திலேயே ஆரம்பித்து, நடுவில் விட்டு, திரும்ப வந்திருக்கிறார்கள்.

அப்புறம் 1973-ல் கே-ஜெட்ரானிக். அதில் இன்ஜெக்டர் மூடாது, இன்ஜின் ஓடும்வரை ஒழுகிக்கொண்டே இருக்கும், எல்லாமே அழுத்தத்தை வைத்துத்தான். சின் மிங்கில் பழைய மெர்சிடிஸ்களில் அதோடு மல்லுக்கட்டி என் தலைமுடி போனது. அது இன்னொரு நாள்.

பொங்கோல் தம்பி, குழாயைக் கழற்றியும் சத்தம் மாறவில்லை என்றீர்களே. சாதாரணமாக அதைக் கழற்றினால் மேனிஃபோல்டுக்குள் காற்று புகுந்து இன்ஜின் கொஞ்சமாவது நடுங்கும். உங்களுக்கு நடுங்கவில்லை. கழற்றிய குழாயின் முனையில் விரல் வைத்துப் பாருங்கள். உறிஞ்சுகிறதா?

பொங்கோல் பழசு | வியாழன், இரவு 7.50

விரல் வைத்தேன். ஒன்றும் உறிஞ்சவில்லை. குழாய் கிழிந்திருக்குமோ என்று முழுசாகத் தடவிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. வாயால் ஊதினால் காற்று போகிறது.

வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி கருவியை அலுவலக நண்பரிடம் வாங்கி ஃபியூவல் ட்ரிம் பார்த்தேன், கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை விழுக்காடு கூட்டிக் குறைக்கிறது என்று காட்டும் எண். ஐடிலில் −17. 2,500 ஆர்பிஎம்மில் −5. செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை.

மீட்டர் பெட்டி | வியாழன், இரவு 8.14

கழித்தல் குறி என்றால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துக்கொண்டிருக்கிறது, ஏனென்றால் அதன் கணக்கைவிட அதிகமாக வருகிறது. ஐடிலில் 17 விழுக்காடு குறைக்கிறது, வேகத்தில் 5 மட்டும். இன்ஜெக்டர்கள் ஒழுகினால்கூட ஐடிலில்தான் அதிகம் தெரியும், அதனால் அவற்றை இன்னும் விலக்க முடியாது. அழுத்தத்தை அளந்தே ஆக வேண்டும்.

ஜோகூர் சனிக்கிழமை | வியாழன், இரவு 8.40

மீட்டர் அக்கா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், என் வண்டி ரிட்டர்ன் குழாய் இல்லாத வகைதான். இப்போதுதான் பார்த்தேன். அப்படியானால் நான் மாற்றிய எண்பது வெள்ளிச் சாமானை எதற்கு மாற்றினேன் என்று யோசிக்கிறேன். டேங்கிலிருந்து எடுத்தபோது கூடவே ஃபில்டரையும் மாற்றினார்கள். குணமானது அதனாலோ?

பழைய ஸ்பேனர் | வியாழன், இரவு 9.05

இருக்கலாம். ஃபில்டர் அடைத்தால் ஐடிலில் அழுத்தம் சரியாகக் காட்டும், ஏனென்றால் போவது கொஞ்சம்தான். மேம்பாலம் ஏறும்போதுதான் விழும். இரண்டையும் சேர்த்து மாற்றிவிட்டால் எது குற்றவாளி என்று யாருக்குத் தெரியும்.

பொங்கோல் தம்பி, என்னிடம் அழுத்தமானி இருக்கிறது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் காக்கி புக்கிட்டுக்கு வண்டியைக் கொண்டுவாருங்கள், என் பழைய சீடன் அங்கே பட்டறை வைத்திருக்கிறான். வீட்டுக் கார்நிறுத்துமிடத்தில் பெட்ரோல் குழாயைக் கழற்ற வேண்டாம். கோப்பி வாங்கிக் கொடுத்தால் போதும். கோசோங், அதாவது சீனி இல்லாமல்.

பொங்கோல் பழசு | சனி, மாலை 4.25

போனேன், இன்னும் பட்டறையில்தான் இருக்கிறேன். கோப்பி வாங்கிக் கொடுத்தேன், கூடவே இரண்டு பரோட்டாவும்.

ஃபில்டருக்கும் ரெயிலுக்கும் நடுவில் டி வடிவ இணைப்பு போட்டு அழுத்தமானியை மாட்டினார். அளவுகள்:

ஐடிலில் 3.0 பார். மெல்லிய குழாயைக் கழற்றினால் அதே 3.0. திரும்ப மாட்டிவிட்டு 2,500-க்கு ஏற்றினால் 2.4! நான் தலையைச் சொறிந்தேன். ஐயா சிரித்தார், ஆனால் சொல்லவில்லை. "அந்த அம்மா கண்டுபிடிக்கிறாரா பார்ப்போம்" என்றார்.

மீட்டர் பெட்டி | சனி, மாலை 5.02

தேர்வு வைக்கிறீர்களா ஐயா? சரி.

ஐடிலில் 2.4 இருக்க வேண்டும், இல்லை. வேகத்தில் இறங்குகிறது. அப்படியானால் ரெகுலேட்டர் ஆரோக்கியமாக இருக்கிறது, இழுத்தால் கீழே வருகிறது. ஐடிலில் அதற்கு இழுப்பு போய்ச் சேரவில்லை, த்ராட்டில் கொஞ்சம் திறந்ததும் சேர்கிறது. மேனிஃபோல்டில் இப்படி நடக்காது, அங்கே ஐடிலிலேயே நல்ல இழுப்பு இருக்கும். த்ராட்டில் தகட்டுக்குச் சற்று முன்னால் இருக்கும் துளையில்தான் இப்படி நடக்கும். தகடு மூடியிருக்கும்போது அந்தத் துளை வெளிக்காற்றுப் பக்கம் இருக்கும், தகடு கொஞ்சம் நகர்ந்ததும் உள்பக்கம் வந்துவிடும்.

குழாயை யாரோ தவறான துளையில் மாட்டியிருக்கிறார்கள். பொங்கோல் பழசு, சமீபத்தில் த்ராட்டில் பாடி சுத்தம் செய்தீர்களா?

பழைய ஸ்பேனர் | சனி, மாலை 5.06

தேர்ச்சி.

பொங்கோல் பழசு | சனி, மாலை 5.30

நாலு மாதம் முன் செய்தேன்! வாடை ஆரம்பித்ததும் ஏறக்குறைய அப்போதுதான், இரண்டையும் சேர்த்து யோசிக்கவே இல்லை. ஒரே தடிமனில் இரண்டு குழாய், இடம் மாற்றி மாட்டிவிட்டார்கள். ஐயா இரண்டு கிளிப்பைக் கழற்றி மாற்றி மாட்டினார். ஒரு நிமிட வேலை. இப்போது ஐடிலில் 2.4, குழாயைக் கழற்றினால் 3.0.

1,400 வெள்ளி என்று சொன்னார்களே.

தெம்பனிஸ் டர்போ | சனி, மாலை 6.11

ஒரு கேள்வி. அக்கா முன்பு சொன்ன கணக்குப்படி, ரெயிலில் 3.0, மேனிஃபோல்டு இழுப்பு 0.65, ஆக 3.65. அதை 3-ஆல் வகுத்து வர்க்கமூலம் போட்டேன், 1.10 வருகிறது. பத்து விழுக்காடுதான் கூடுதல். ட்ரிம் −17 காட்டியதே? மீதி எங்கே?

மீட்டர் பெட்டி | சனி, மாலை 6.40

பிரியாணி வீணாகவில்லை.

இடம் மாறிய இன்னொரு குழாய் எங்கே போகிறது என்று பாருங்கள். என் ஊகம், கரி டப்பாவுக்கு. டேங்கிலிருந்து கிளம்பும் பெட்ரோல் ஆவியைக் கரித்தூளில் பிடித்துவைத்து, ஓடும்போது இன்ஜினுக்குக் கொடுக்கும் டப்பா. அது த்ராட்டிலுக்கு முன்னால் இருக்கும் துளையில் இருந்தால் ஐடிலில் ஒன்றும் உறிஞ்சாது. மேனிஃபோல்டுத் துளைக்குப் போய்விட்டதால் ஐடிலிலும் ஓயாமல் ஆவியை உறிஞ்சியிருக்கிறது. அந்த ஆவியும் பெட்ரோல்தான், ஆனால் எந்த இன்ஜெக்டர் கணக்கிலும் வராது. நம் ஊர் வெயிலில் நின்ற வண்டியில் டப்பா நிறைய ஆவி இருக்கும்.

பொங்கோல் பழசு | சனி, இரவு 7.20

கரி டப்பாவேதான். ஐயா தலையாட்டுகிறார், இன்னும் பக்கத்தில்தான் இருக்கிறார்.

எனக்கும் ஒரு கேள்வி. கம்ப்யூட்டர்தான் 17 விழுக்காட்டைக் கழித்துக்கொண்டிருந்ததே, அப்புறம் எதற்கு வாடையும் செலவும்?

மீட்டர் பெட்டி | சனி, இரவு 7.55

நல்ல கேள்வி, இதற்கு என் பதில் பாதிதான். ஆக்ஸிஜன் சென்சார் சூடேறி வேலை செய்யத் தொடங்கும்வரை கம்ப்யூட்டர் நேரடியாகத் திருத்த முடியாது, பழக்கத்தில் வைத்திருப்பதைத்தான் ஊற்றும். திடீரென்று மிதிக்கும்போதும் அப்படியே. தேக்காவுக்கும் பொங்கோலுக்கும் நடுவில் நின்று நின்று ஓடும் வண்டிக்கு இந்த நேரங்கள் அதிகம். வாடைக்கு அது போதும். ஆனால் பன்னிரண்டு பத்தானதற்கு முழுக் காரணம் இதுதான் என்று சொல்ல மாட்டேன். டயர் காற்றையும் பாருங்கள்.

பொங்கோல் பழசு | திங்கள், பகல் 2.05

வாடை போய்விட்டது. ட்ரிம் ஐடிலில் −3. ஆனால் இன்று மத்தியானம் தேக்காவில் அதே கதை, ஐந்தாறு விநாடி செல்ஃப்.

பழைய ஸ்பேனர் | திங்கள், பகல் 2.40

எதிர்பார்த்தேன். சனிக்கிழமை அழுத்தமானி கழற்றும்போது முள் வேகமாக விழுந்ததைப் பார்த்தேன், ஆனால் இரண்டு நோயை ஒன்றாகப் பேசினால் குழப்பம் என்று விட்டுவிட்டேன்.

இன்ஜினை அணைத்ததும் ரெயிலில் அழுத்தம் நிற்க வேண்டும். ரெகுலேட்டருக்கு அப்போது மூடுவது இன்னும் எளிது, மேனிஃபோல்டு இழுப்பு போய்விடுவதால் ஸ்பிரிங் முழுப் பலத்தோடு அழுத்தும். அணைத்த பிறகு இன்ஜின் சூடு ரெயிலுக்கு ஏறுவதால் அழுத்தம் கொஞ்சம் கூடக்கூடச் செய்யும். அழுத்தம் இருந்தால் சூட்டிலும் பெட்ரோல் திரவமாகவே நிற்கும். விழுந்துவிட்டால் ரெயிலுக்குள்ளேயே கொதித்து ஆவியாகும், இன்ஜெக்டர் திறந்தால் குமிழிதான் வரும். காலையில் இன்ஜின் குளிர்ந்திருப்பதால் தெரியாது.

எங்கே ஒழுகுகிறது என்று தெரிய வேண்டும். பம்பில் ஒரு ஒருவழி வால்வு உண்டு, அங்கே ஒழுகலாம். ரெகுலேட்டர் சரியாக உட்காராமல் ஒழுகலாம். இன்ஜெக்டர் சொட்டலாம். புதன்கிழமை வாருங்கள்.

அதுவரை ஒரு வழி: ஸ்டார்ட் செய்யும் முன் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, பம்ப் இரண்டு விநாடி முனகி நின்றதும் அணைத்து, மறுபடி ஒருமுறை திருப்பி, அப்புறம் செல்ஃப் அடியுங்கள்.

ஜோகூர் சனிக்கிழமை | திங்கள், மாலை 6.15

இந்த இரண்டுமுறை சாவி வித்தை வேலை செய்கிறது, நானும் செய்திருக்கிறேன். டேங்கு அடியில் சொட்டு இருக்கும்போதுதான் பெட்ரோல் ஊற்றுவீர்களா? டேங்கு பம்பைக் குளிர வைப்பதே பெட்ரோல்தான் என்று கேள்விப்பட்டேன். ஊட்லண்ட்ஸ் பக்கம் அடிக்கடி போகிறவன் என்பதால் எனக்கு அந்தத் தொல்லையே இல்லை. மலேசியாவுக்குள் போகும் சிங்கப்பூர் வண்டியில் இவ்வளவு பெட்ரோலாவது இருக்க வேண்டும் என்று 1989-ல் அரை டேங்கு, 1991-லிருந்து முக்கால் டேங்கு விதி. பம்புக்காகப் போட்ட விதி இல்லை, ஆனால் என் பம்ப் சுகமாக இருக்கிறது.

பொங்கோல் பழசு | திங்கள், இரவு 9.00

மஞ்சள் விளக்கு எரிந்து மூன்று நாள் கழித்துத்தான் ஊற்றுவேன். அப்பாவிடமிருந்து வந்த பழக்கம்.

பொங்கோல் பழசு | புதன், இரவு 8.10

முடிவு. அணைத்ததும் 2.4, ஐந்து நிமிடத்தில் 0.4. ரிட்டர்ன் ரப்பர்க் குழாயைக் கவ்வியால் இறுக்கிவிட்டு மறுபடி பார்த்தோம், அப்போதும் விழுந்தது, ஆகவே ரெகுலேட்டர் இல்லை. பம்பிலிருந்து வரும் குழாயை இறுக்கினோம், முள் நகரவே இல்லை. ஆகவே இன்ஜெக்டரும் இல்லை. பம்பின் ஒருவழி வால்வுதான். இன்ஜின் ஓடும்போது ரிட்டர்ன் குழாயை மட்டும் இறுக்கக் கூடாது என்று ஐயா இரண்டுமுறை சொன்னார், போக வழியில்லாமல் அழுத்தம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறுமாம்.

பம்ப் பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. கழற்றினால் வலைத்தடுப்பானில் இருபது வருடக் கறுப்பு. புது பம்ப், வேலைக்கூலி எல்லாம் சேர்த்து 260 வெள்ளி. அதே நாலு இன்ஜெக்டர், அதே ரெகுலேட்டர்.

தேக்காவில் இன்று அரை மணி நேரம் நிறுத்திவிட்டு வந்தேன். ஒரு விநாடி செல்ஃப். லிட்டருக்கு 11.5 வருகிறது, மீதி அரையை டயர் காற்றில் தேடுகிறேன், மீட்டர் அக்கா சொன்னபடி இரண்டு டயரில் குறைவாகத்தான் இருந்தது.

தெம்பனிஸ் டர்போ | புதன், இரவு 8.32

ஐயா, அந்த அழுத்தமானியை எனக்கு ஒரு நாள் தர முடியுமா? என் நண்பனுடைய பழைய வண்டிக்கு.

பழைய ஸ்பேனர் | புதன், இரவு 8.50

தருகிறேன், உங்கள் டர்போவில் மாட்ட மாட்டீர்கள் என்றால். அது 10 பாருக்கு மேல் தாங்காது. சனிக்கிழமை பத்து மணி, அதே இடம். கோசோங், சீனி கிடையாது.

தெம்பனிஸ் டர்போ | புதன், இரவு 8.51

பரோட்டாவும் உண்டு ஐயா.